வெள்ளிக்குப் போனவர்கள்

சரை என்றால் என்னவென்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: பழைய பத்திரிகைத் தாளைக் கூம்பாகச் சுருட்டி, அதற்குள் சீனியையோ மல்லியையோ போட்டு, வாயை மடக்கித் தருவார்கள், அதுதான் சரை. இப்போது எல்லாம் பொலித்தீன் பையில் வருகிறது. பொலித்தீன் பையில் வாசிக்க ஒன்றும் இல்லை. நீங்களும் நானும் வாசிக்கப் பழகியதில் பாதி சரையில்தான் என்பதை ஒப்புக்கொள்வீர்கள். நான் சொல்லப்போவது ஒரு சரையால் நின்றுபோன கலியாணத்தைப் பற்றி. இத்தனை வருடம் கழித்து அதற்காக அழவும் வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லலாம் என்று பார்க்கிறேன்.

அப்போது நாங்கள் வட்டக்கச்சியில் இருந்தோம். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, ஐயா எங்களை யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்து இரண்டு மூன்று போகம் ஆகியிருந்தது. இரணைமடுத் தண்ணீர் வரும் வாய்க்கால் எங்கள் வளவின் பின்பக்கத்தால் ஓடியது. ரஷ்யாக்காரன் ஒரு நாயை வானத்துக்கு அனுப்பிவிட்டான் என்று ஊரெல்லாம் கதைத்து முடித்து, நாயை மறந்துகொண்டிருந்த நேரம். அம்மா மட்டும் மறக்கவில்லை. திரும்பிவர வழி வைக்காமல் ஒரு வாயில்லாச் சீவனை அனுப்பினவனுக்கு நல்லது நடக்காது என்று, மாட்டுக்குத் தவிடு வைக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

தம்பி பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அம்மாவுக்கு உதவியாக அவருடைய தங்கை வந்து எங்களோடு இருந்தார். எனக்குச் சின்னம்மா. எஸ்.எஸ்.சி. வரை படித்தவர், கணக்கில் அவரை வெல்ல வகுப்பில் ஆளில்லை. மேலே படிக்க ஆசைப்பட்டார். படித்தது காணும் என்று நிறுத்திவிட்டார்கள். கலியாணமும் சரிவரவில்லை. காரணம் செவ்வாய். அவருடைய சாதகத்தில் செவ்வாய் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. அதே குற்றம் உள்ள மாப்பிள்ளைதான் வேண்டும் என்றார்கள். அப்படிப்பட்டவர்கள் சந்தையில் விற்பதில்லை. எங்கள் வீட்டில் கோள்களின் பெயர் அடிபட்டது இந்த ஒரு விசயத்துக்காக மட்டும்தான்.

சரைகள் வந்தது கிளிநொச்சிச் சந்தையில் பலசரக்குக் கடை வைத்திருந்த நானாவிடமிருந்து. முல்லைத்தீவு முஸ்லிம் மனிதர்; அவர்கள் வழக்கில் நானா என்றால் அண்ணன். ஐயாவுக்கும் நானா, எனக்கும் நானா, சந்தைக்கே நானா. யாழ்ப்பாணத்தில் பழைய கடதாசியை நிறைக்கு வாங்கி லொறியில் ஏற்றிவந்து கடையின் பின்னால் அடுக்கிவைத்திருப்பார். யாரோ பெரிய வீட்டுக்காரர் கழித்துவிட்ட இந்தியச் சஞ்சிகைக் கட்டு அந்தப் போகம் அவர் கையில் அகப்பட்டிருக்க வேண்டும். ஐயா கிழமைக்கு ஒரு தரம் சைக்கிளில் போய்ச் சாமான் வாங்கிவருவார். சாமானைப் போத்தலில் கொட்டியதும் சரையெல்லாம் சின்னம்மாவுக்கு. முழங்காலில் வைத்து உள்ளங்கையால் நீவி மடிப்புகளைப் போக்குவார். மல்லிச் சரை நல்ல வாசம். பெருங்காயச் சரை மூக்கில் ஏறும். கருவாட்டுச் சரையில் எண்ணெய் ஊறி, மற்றப் பக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரியும். வெயிலில் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கத்து எழுத்து எது அந்தப் பக்கத்து எழுத்து எது என்று பிரித்துப் பிரித்து வாசிக்க வேண்டும்.

அந்தச் சஞ்சிகையில் இரண்டு பகுதிகள் வந்துகொண்டிருந்தன போலும். ஒன்று, கணித மேதைகள் விஞ்ஞானிகள் பற்றிய அதிசயத் தகவல்கள். மற்றது, மனிதர்கள் கோள்களுக்குப் பறந்து போவதாக ஒரு கற்பனைத் தொடர்கதை. நானா தாளைக் கிழிக்கும்போது எது எது என்று பார்த்துக் கிழிப்பதில்லை. தலை ஒரு வீட்டுக்கும் வால் இன்னொரு வீட்டுக்கும் போய்விடும். கையில் வந்த துண்டு உண்மையா, கட்டியதா என்று சொல்ல வழியில்லை. சின்னம்மா ஒரு ஒழுங்கு செய்தார். அவர் படுக்கும் பாயின் கீழே தலைமாட்டில் உண்மை, கால்மாட்டில் கற்பனை. ஒவ்வொரு துண்டையும் பின்னேரத் தேத்தண்ணி நேரம் வாசித்துக்காட்டி, தலைமாடா கால்மாடா என்று எங்களிடம் தீர்ப்புக் கேட்பார்.

முதல் வழக்கு ஒரு மூக்கு. பழைய காலத்து வானியலாளர் ஒருவர், இளவயதில் கணக்குப் பற்றிய வாக்குவாதம் முற்றி, வாள்சண்டையில் மூக்கைப் பறிகொடுத்தார். பிறகு ஆயுள் முழுக்க உலோகத்தால் செய்த மூக்கை ஒட்டிக்கொண்டு திரிந்தார். பசையை ஒரு சின்னப் பெட்டியில் வைத்திருப்பாராம்.

"தடிமன் வந்து மூக்கு ஓடினால் என்ன செய்யிறவன்?" என்று கேட்டார் அம்மா.

"கால்மாடு," என்றார் ஐயா.

அடுத்த கிழமை செத்தல் மிளகாய்ச் சரையில் அதே ஆள் திரும்ப வந்தார். வீட்டில் மரை மான் மாதிரி ஒரு பெரிய மிருகத்தை வளர்த்தாராம். அது விருந்துக்குப் போன இடத்தில் மதுவைக் குடித்து, வெறியில் படியால் விழுந்து செத்துப்போனதாம். ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். மரை அவருக்குத் தெரிந்த மிருகம்.

"இறைச்சியை என்ன செய்தவனாம்?"

"அது இதிலை போடேல்லை அத்தான்."

"வத்தல் போட்டிருப்பான். மரை எண்டால் சும்மாவே. அந்த ஆளைத் தலைமாட்டுக்கு மாத்து பிள்ளை."

மூக்கினால் பொய்யாகிப்போன மனிதர் மரையால் உண்மையானார். அவர் ஆயுளில் பெரும்பகுதியைச் செவ்வாய் எங்கே நிற்கிறது, எங்கே நகர்கிறது என்று அளந்து எழுதுவதிலேயே போக்கினார் என்று இன்னொரு துண்டில் இருந்தது. சின்னம்மா அதை இரண்டு தரம் வாசித்தார். "என்னை விடச் செவ்வாயாலை அலைஞ்ச மனிசன்," என்றார்.

இப்படியே பலர் வந்துபோனார்கள். முக்கோணத்தைப் பற்றிப் பெரிய உண்மை ஒன்றைச் சொன்ன ஒரு கணித ஞானி அவரைக்காயைத் தொடமாட்டாராம். எதிரிகள் துரத்தும்போது எதிரே அவரைத் தோட்டம் வந்ததாம். அதை மிதிக்கமாட்டேன் என்று நின்று பிடிபட்டுச் செத்தார் என்று ஒரு கதையும் உண்டாம். அம்மா வாயில் கைவைத்தார். ஐயா மட்டும், "பயிரை மிதிக்கேல்லை. அவன் மனிசன்," என்று ஒரே சொல்லில் அவரைத் தலைமாட்டில் சேர்த்தார். இன்னொரு கணிதர் வயதான காலத்தில், தன் நித்திரை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடிக்கொண்டு போவதைக் கவனித்து, நித்திரை முழுநாளையும் பிடிக்கும் நாளில் செத்துப்போவேன் என்று கணக்குப் பார்த்து, அப்படியே செத்தும் போனாராம். "எழுப்ப ஒரு பெண்சாதி இல்லையோ அந்த ஆளுக்கு?" என்பது அம்மாவின் கேள்வி. அவர் கலியாணமே செய்யவில்லை என்பதை நான் வெகு காலத்துக்குப் பிறகுதான் அறிந்தேன். அம்மாவுக்குக் கணக்கு வராது. ஆனால் விடை வந்துவிடும்.

சின்னம்மாவைப் பிடித்துக்கொண்டது ஒரு தாயின் கதை. மூக்குக்காரருக்கு உதவியாளராக இருந்து, அவருக்குப் பிறகு அவருடைய செவ்வாய் அளவுகளை வைத்துப் பெரிய விதிகளைக் கண்டுபிடித்த ஒருவர், சும்மா இருக்கமாட்டாமல், சந்திரனுக்குப் போவதாக ஒரு கற்பனைக் கதையும் எழுதினாராம். அந்தக் கதையில் வரும் தாய் மந்திரம் தெரிந்தவள். கதை அங்கங்கே பரவி, ஊரிலுள்ளவர்கள் அதைக் கதையென்று எடுக்கவில்லை. அவருடைய சொந்தத் தாயே சூனியக்காரி என்று பிடித்து, வழக்கு வைத்து, சங்கிலியில் கட்டினார்களாம். அந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது. பின்பக்கத்தில் ஒரு தைல விளம்பரம்.

"பிறகு?" என்று கேட்டேன்.

"பிறகு நானாட்டை இருக்கு," என்றார் சின்னம்மா.

ஐயா சந்தைக்குப் போகும்போதெல்லாம் அவர் அதைத்தான் சொல்லிவிடுவார். அந்தத் தாய்க்கு என்ன நடந்தது என்று கேட்டுவாருங்கள் என்று. நானா முதலில் தன் சொந்தக்காரர் யாரையோ கேட்கிறார்களாக்கும் என்று பயந்துபோனாராம். விசயம் விளங்கியபிறகு, "மிச்சம் கிடைச்சா எடுத்து வைக்கிறன் எண்டு தங்கச்சிக்குச் சொல்லுங்கோ," என்று சொல்லியனுப்பினார். அவர் கடையின் பின்னால் இருந்து கட்டுக்கட்டாகப் பிரித்துத் தேடியதை ஐயா கண்டிருக்கிறார்.

இனி ஓவசியர். வாய்க்கால் வேலைகளைப் பார்க்கக் கிளிநொச்சியிலிருந்து சைக்கிளில் வருபவர். ஒல்லியான, அதிகம் வாய் திறக்காத மனிதர். ஒருநாள் எங்கள் வளவுக்குப் பின்னால் மூன்று காலில் கருவியை நிறுத்தி நிலமட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னம்மா நேரே போய், இந்த இடத்தில் வாய்க்கால் எவ்வளவு சரிவு என்று கேட்டார். நான் பின்னால் நின்றேன். ஓவசியர் பதில் சொல்லாமல் விலகி, பாருங்கள் என்று கையைக் காட்டினார். சின்னம்மா கண்ணை வைத்தார்.

"ஐயோ, வீடு தலைகீழாய் நிக்குது!"

"கண்ணாடி அப்பிடித்தான் காட்டும். எங்களுக்குப் பழகிப்போச்சு. நிமிந்து நிண்டால்தான் இப்ப எனக்குப் புதினம்."

சின்னம்மா சிரித்தார். அவரும் சிரித்தார். பிறகு எனக்கும் காட்டினார்கள். அம்மா தலைகீழாக நின்று, வானத்தில் பாய் விரித்து, மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். வெளிச்சம் எப்படி வளைந்து படத்தைக் கவிழ்க்கிறது என்று அவர் மணலில் கோடு கீறிச் சொன்னார். சின்னம்மா மூக்குக்காரரைப் பற்றிச் சொன்னார். ஓவசியர் விசர்க் கதை என்று சொல்லவில்லை. மூக்கு என்ன உலோகம் என்று கேட்டார்.

அன்று குசினிக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது சின்னம்மா என்னிடம் சொன்னார்: "அந்த ஆளோடை கதைக்கலாம்." அவர் வாயிலிருந்து ஒரு மாப்பிள்ளையைப் பற்றி வந்த ஒரே நல்ல வார்த்தை அதுதான். முன்னர் வந்த ஒன்றிரண்டு பேச்சுகளை அவர் காதிலும் போட்டுக்கொள்ளவில்லை. இது நடக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். அதை ஒளிக்கவும் இல்லை. அம்மா ஐயாவிடம் சொன்னார், ஐயா சாத்திரியாரிடம் போனார். ஓவசியருக்கும் செவ்வாய்க் குற்றம் இருந்தது. செவ்வாய்க்குச் செவ்வாய் சரி, இதைவிட்டால் இனி இப்படி ஒன்று வராது என்று சாத்திரியார் சொன்னாராம். ஓவசியருக்குத் தாய் மட்டும்தான். குவாட்டர்சில் மகனோடு இருந்தார். பெண் பார்க்க வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்கள்.

அம்மா தங்கைக்குச் சட்டம் போட்டார்.

"வாறவைக்கு முன்னாலை மூக்கு, மரை, சந்திரன் ஒண்டும் கதைக்கப்படாது. கேட்டதுக்கு ஓம், இல்லை. அவ்வளவுதான்."

"அவரே மூக்கைப் பற்றிக் கேட்டவர் அக்கா."

"அவர் கேப்பார். தாய் கேக்கமாட்டா."

வெள்ளிக்கிழமை முற்றம் பெருக்கி, பக்கத்துக் காணியில் இரண்டு கதிரை இரவல் வாங்கிப் போட்டோம். அம்மா பயற்றம் பணியாரம் சுட்டார். எண்ணெய் மணம் வாய்க்கால் வரை போனது. சின்னம்மா நீலச் சேலை உடுத்து, குசினிக் கதவுக்குப் பின்னால் ஓம் சொல்லத் தயாராக இருந்தார். ஒருவரும் வரவில்லை. கார்ச் சத்தம் கேட்டபோதெல்லாம் ஐயா படலைக்குப் போனார். அது எல்லாம் முரசுமோட்டைக்குப் போகும் கார். மாலையில் அம்மா பணியாரத்தைத் துணியால் மூடினார். பிறகு துணியைத் தூக்கி எனக்கு நாலு தந்தார்.

மறுநாள் ஐயா கிளிநொச்சிக்குப் போய் நானாவிடம் விசயம் அறிந்துவந்தார். வெள்ளிக்கிழமை காலை, எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரவென்று ஓவசியரின் தாய் நானாவின் கடையில் கற்கண்டு வாங்கினாராம். வீட்டுக்குப் போய்த் தட்டில் கொட்டியபோது சரையில் பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு இருந்தது. வெள்ளிக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அவ்வளவுதான். கீழே கிழிந்திருந்தது. அந்த அம்மா சரையைத் தூக்கிக்கொண்டு கடைக்குத் திரும்ப வந்து, "இதென்ன நானா?" என்று கேட்டிருக்கிறார். நானாவுக்கும் விளங்கவில்லை. வாடகைக் காரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

நீங்கள் இப்போது சிரிப்பீர்கள். அன்றைக்கு அம்மா சிரிக்கவில்லை, நெஞ்சில் கைவைத்தார். எங்கள் பக்கத்தில் வெள்ளி என்றால் கிழமை, இல்லாவிட்டால் நகை, அதுவும் இல்லாவிட்டால் வானத்தில் மினுங்குகிற எதுவும் வெள்ளிதான். கோயிலுக்குப் போவதை வெள்ளிக்குப் போவது என்றும் சொல்வார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்றால் எங்கேயோ பஸ் புரண்டிருக்கவேண்டும் என்று அம்மா முடிவுகட்டினார்.

சின்னம்மாதான் சிரித்தார். பாயின் கால்மாட்டைத் தூக்கி, தேடி, ஒரு தாளை எடுத்துவந்தார்.

"இது கிழமையில்லை அத்தான், கிரகம். ரொக்கெட்டிலை வெள்ளிக்குப் போற ஆக்களின்ரை தொடர்கதை. முதல் பகுதி என்னட்டைக் கிடக்கு, பாருங்கோ. நான் போய் அந்த அம்மாவுக்குச் சொல்லுறன்."

"பொம்பிளை தானாப் போய் மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறுறதோ?" என்றார் அம்மா.

"அப்ப அத்தான் போகட்டும். ஆனால் எல்லாம் விளங்கச் சொல்லவேணும்."

ஐயா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போனார். குழந்தைப் பிள்ளையோடு போனால் சண்டைக்கு வந்ததாகத் தெரியாது என்பது அம்மாவின் யோசனை.

ஓவசியரின் தாய் கெட்டவர் அல்ல. எனக்கு விசுக்கோத்தும் தேத்தண்ணியும் தந்தார். ஐயாவைக் கதிரையில் இருத்திவிட்டு, சாமிப் படத்துக்குக் கீழே மடித்து வைத்திருந்த அந்தச் சரையை எடுத்துக் காட்டினார். கற்கண்டுத் தூள் இன்னும் ஒட்டியிருந்தது. ஓவசியர் உள்ளறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் ஒண்டும் விசரி இல்லைத் தம்பி," என்றார் தாய். "நாள் பார்த்து, வெள்ளிக்கிழமை வெளிக்கிடுற நேரம் இது வந்து கையிலை நிக்குது. நீங்களெண்டால் என்ன செய்வியள்?"

"நானும் நிண்டிருப்பன்," என்றார் ஐயா.

"அதுதானே. பொம்பிளையிலை எனக்கு ஒரு குறையுமில்லை. வாற ஞாயிறு வருவம் எண்டுதான் இவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தனான்."

இந்த இடத்தில் ஐயா தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நல்லது அம்மா என்று எழும்பியிருக்க வேண்டும். கலியாணம் அங்கே சரிவந்திருந்தது. ஆனால் ஐயாவின் பையில் சின்னம்மா தந்த தாள் இருந்தது. எல்லாம் விளங்கச் சொல்ல வேண்டும் என்று கட்டளை. அதைவிட, ஓவசியருக்கு முன்னால் தங்கள் வீட்டிலும் விசயம் தெரிந்தவர்கள் உண்டு என்று காட்ட அவருக்கு ஒரு ஆசையும் வந்திருக்கும்.

"பயப்பிட ஒண்டுமில்லை அம்மா," என்று தாளை விரித்தார். "இது கிழமையே இல்லை. இந்தியாவிலை வெள்ளி எண்டு எழுதுறது ஒரு கிரகத்தை. எங்கடை சுக்கிரனை."

தாயின் முகம் மாறியது.

"சுக்கிரனோ?"

"ஓம். சுக்கிரனுக்குப் போன ஆக்களின்ரை கதை."

"போய்?"

"போய்… அது கட்டுக்கதை தானே அம்மா."

"போய் என்ன நடந்தது தம்பி?"

ஐயா தாளைப் பார்த்தார். "திரும்பேல்லைப் போலை," என்றார்.

"கலியாணத்துக்குரிய கிரகமே சுக்கிரன்தானே! கிழமையெண்டால் நான் நாளை மாத்துவன். கிரகத்தை மாத்த ஏலுமோ?"

"ஆரோ இருந்து கற்பனையிலை எழுதினது அம்மா."

"எழுதினவன் கட்டியிருக்கட்டும். அண்டைக்கு என்ரை கையிலை வந்தது கட்டினதோ?"

ஐயா தாளைத் திருப்பிப் பார்த்தார். எனக்கு இன்றுவரை இதற்கு நல்ல பதில் ஒன்று கிடைக்கவில்லை.

"இந்தத் தாளை ஆர் சேர்த்து வைச்சது?" என்று கேட்டார் தாய்.

"மச்சாள்தான்."

"பொம்பிளையோ?" அவர் மகன் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்லுறாய்?"

ஓவசியர் வாயைத் திறந்தார். அவருக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரியும். மணலில் கோடு கீறிக் காட்டிய மனிதர் அல்லவா. நான் விசுக்கோத்தைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிலையிலிருந்து கையை எடுத்தார், திரும்பவும் வைத்தார்.

"நீங்கள் சொல்லுறதுதான் அம்மா," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஐயா அம்மாவிடம் நடந்ததைச் சொல்ல, சின்னம்மா என்னை வாய்க்கால் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவர் ஒண்டும் கதைக்கேல்லையோ?"

"இல்லை."

அவர் அழவில்லை. அழாததைக் கண்டு அம்மா பயந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, படிப்புக் கூடினால் நெஞ்சு இறுகிப்போகும் என்று அவருக்குக் கேட்கவே சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஐயா தன் பங்குக்கு ஒரு நல்ல காரியம் செய்தார். அதாவது, நல்லது என்று நினைத்துச் செய்தார். அடுத்த தரம் சந்தைக்குப் போனபோது, "இனி எங்கடை வீட்டுச் சாமானை எழுத்தில்லாத கடதாசியிலை சுத்துங்கோ," என்று நானாவிடம் சொன்னார். நானா ஏற்கனவே குற்றவாளி மாதிரி இருந்தார். தன் சரைதான் ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுத்தது என்று அவருக்கு நித்திரை இல்லை. சீமெந்துப் பைகளைப் பிரித்து, உதறி, உள்மடிப்புத் தாளை எடுத்து, மல்லி, மிளகு, பெருங்காயம் எல்லாவற்றையும் அதில் சுற்றிக் கயிறு போட்டு அனுப்பினார். மண்ணிறத் தாள். ஒரு எழுத்து இல்லை.

சின்னம்மா வழக்கம்போலச் சாமானைப் போத்தலில் கொட்டினார். தாளை முழங்காலில் வைத்து நீவினார். திருப்பினார். மற்றப் பக்கத்தையும் நீவினார். அடுத்ததை எடுத்தார். அதையும் திருப்பிப் பார்த்தார். பிறகு அந்தத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். விரலிலிருந்த சீமெந்துத் தூசி கன்னத்தில் அப்பியது.

"இப்பதான் அவளுக்கு உறைச்சிருக்கு. மாப்பிள்ளையை நினைச்சு அழுகிறாள். அழட்டும்," என்றார் அம்மா. ஐயாவும் தலையாட்டினார். இருவருக்கும் அப்போதுதான் நிம்மதி. எனக்கு அன்றைக்கே அது தாளுக்கான அழுகை என்று பட்டது. ஆனால் யாரும் என்னிடம் கேட்கவில்லை. இப்போது இந்த வயதில் யோசித்தால், மாப்பிள்ளையும் தாளும் அவருக்கு ஒன்றுதான் என்று தோன்றுகிறது. கதைக்க ஓராள் வேண்டியிருந்தது. வந்த இரண்டு வழியும் அடைபட்டுவிட்டன. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சின்னம்மாவின் பின்னாளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டொரு வருடத்தில் ஆசிரியப் பயிற்சிக்குப் போனார். ஐயாதான் மனம் பொறுக்காமல் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார். கணக்கு ரீச்சராக வன்னியில் பல பள்ளிக்கூடங்களில் படிப்பித்தார். மூக்குக்காரரையும் மரையையும் தெரியாமல் அவரிடம் படித்து வெளியேறிய பிள்ளை இல்லை. கலியாணம் செய்யவில்லை. ஓவசியர் மாற்றலாகி வேறு ஊருக்குப் போனார். பாயின் கீழே இருந்ததைக் கறையான் தின்றது. தலைமாடு, கால்மாடு என்று அது வித்தியாசம் பார்க்கவில்லை. பிறகு ஒரு காலத்தில் மெய்யாகவே வெள்ளிக் கிரகத்துக்கு ஆளில்லாத கலங்களை அனுப்பத் தொடங்கினார்கள். போய் இறங்கிய ஒன்றும் திரும்பி வரவில்லை. அந்தச் சூட்டில் வரவும் முடியாதாம். றேடியோவில் அதைக் கேட்டுவிட்டு, "ஓவசியரின்ரை தாய் பயந்தது சரியாத்தானே இருக்கு," என்றார் சின்னம்மா. அதில் கசப்பு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஓவசியர் மாற்றலாகிப் போவதற்கு முன் ஒருதரம் எங்கள் வாய்க்காலுக்கு வந்தார். நெல் கதிர் தள்ளியிருந்த நேரம். சின்னம்மா தம்பியின் துணிகளைத் தோய்த்துக்கொண்டிருந்தார். நான் பிழிந்ததை வாங்கி வேலியில் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை வாய்க்கால் வரம்பில் ஊன்றி நின்றார்.

"நானா ஒரு விசயம் சொல்லிவிட்டவர்," என்றார்.

சின்னம்மா நிமிரவில்லை. "என்னவாம்?"

"அந்தத் தாய். சந்திரனுக்குப் போற கதை எழுதினவரின்ரை தாய். மிச்சத் துண்டு கிடைச்சிட்டுதாம். உங்கடை வீட்டுக்கு எழுத்து அனுப்பப்படாதெண்டு என்னட்டைத் தந்தவர்."

சின்னம்மாவின் கை தண்ணீருக்குள் நின்றது.

"அவவுக்கு என்ன நடந்தது?"

"விட்டிட்டாங்கள். ஒரு வருசத்துக்கு மேலை மறியலிலை அடைச்சு வைச்சவங்கள். பயமுறுத்திப் பார்த்தவங்கள், அவ ஒத்துக்கொள்ளேல்லை. பிறகு விட்டிட்டாங்கள்."

"எப்பிடி விட்டவங்கள்?"

ஓவசியர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"மகன் போனவர். தன்ரை ஆராய்ச்சியெல்லாத்தையும் போட்டிட்டுப் போய், தாய்க்காகத் தானே நிண்டு கதைச்சவர்."

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், என்னிடம் நீட்டினார். நான் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினேன். கற்பூர மணம் அடித்தது. ஓவசியர் வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்திருப்பார்.

"எங்கை வைக்கிறது சின்னம்மா?" என்று கேட்டேன். "தலைமாட்டிலையோ?"

சின்னம்மா அப்போதுதான் நிமிர்ந்து ஓவசியரைப் பார்த்தார். நேராக, கருவிக்குள் பார்த்தது போல, ஒரு கண்ணைச் சற்றுச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"மகன் நிண்டு கதைச்சவரோ?" என்றார். "அப்ப அதைக் கால்மாட்டிலை வை பிள்ளை."

ஓவசியருக்கு அது விளங்கியிருக்காது; எது உண்மை, எது கற்பனை என்ற எங்கள் வீட்டுத் தீர்ப்பு அவருக்குத் தெரியாதே. அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். நான் தாளைக் கொண்டுபோய், பாயைத் தூக்கி, கால்மாட்டில் வைத்தேன்.